டாக்டர் போடச் சொன்ன நாற்காலிகள்

குப்பி கழுவுகிற வேலையில் ஒரு பெருமை உண்டு: எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பாக இருந்தாலும் அது அழுக்காகி நம் தொட்டிக்கு வந்துதான் தீர வேண்டும்.

பெரிய படிப்பாளிகளுக்குக் கீழே கழுவியும் துடைத்தும் காலம் தள்ளுகிற என் தோழிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? மலாக்கா நகரத்துக் காஜா பேராங் பகுதியில், செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டிக்குப் போகிற வழியில் ஒரு பழைய பங்களா. வெளியே இங்கிலீஷில் நீளமாக ஒரு பலகை இருந்தது. ஊர்க்காரர்கள் அதை வாசிக்காமலே 'கொசு ஆப்பீஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலேரியா காய்ச்சலைக் கொண்டுவரும் கொசுக்களை ஆராய்கிற இடம் அது. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா விடுதலை அடைந்ததற்கு, சற்று முன்னே நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தவள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை. குப்பி கழுவுவது, கோப்பி கலக்குவது, கூட்டம் நடந்தால் நாற்காலி போடுவது, இவைதான் வேலை. நாற்காலி போடுவதில் இத்தனை வில்லங்கம் இருக்கும் என்று அப்போது யார் கண்டது?

கல்கத்தாவிலிருந்து வந்த சட்டம்

எங்கள் டாக்டர் பெயர் சிவபாதம். சிரம்பானில் பிறந்து கல்கத்தாவில் படித்தவர். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். அவர் ஒரு அறைக்குள் வந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், நின்றுகொண்டிருந்தவர்கள் நேராக நிற்பார்கள். முதல் நாளே அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் தொட்டிக்கு வந்துவிட்டார். "சோப்புத் தண்ணியில ஒரு தடவ. குழாய்த் தண்ணியில மூணு தடவ. கடைசியா காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒரு முழுக்கு. செல்லம்மா, இது என் சட்டம் இல்ல. கல்கத்தாவுல பானர்ஜினு என் பேராசிரியர். நான் கழுவின குப்பிய மோந்து பாத்துட்டு ஜன்னல் வழியா வெளிய வீசினாரு. அவரோட சட்டம்."

பிறகு மைக்ரோஸ்கோப்பில் ஒரு கொசுப் புழுவை வைத்து என்னைக் கூப்பிட்டார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தேன். அம்மாடி! நெல் உமியைவிடச் சின்னதாக இருந்த அந்த அற்பப் பிராணிக்குள் இதயம் துடிக்கிறது. வாய்ப் பக்கம் இரண்டு விசிறி, தண்ணீரைத் தள்ளித் தள்ளித் தீனியை உள்ளே இழுக்கிறது. திருவிழாத் தேரை நுணுக்கி ஊசி முனையில் நிறுத்தினாற்போல இருந்தது. நான் மூச்சுவிட மறந்து நின்றேன். "இப்படி வெளிச்சத்தப் பக்கவாட்டுல விட்டாத்தான் உள்ளே தெரியும். இதுவும் பானர்ஜி சொன்னதுதான்," என்றார், தாம் ஒன்றுமே செய்யாதவர்போல.

ஆப்பீஸ் ஜீப்பை ஓட்டுபவர் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்னே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி வந்த கோவிந்தா பிள்ளை. பெயரில் பிள்ளை, நெற்றியில் திருநீறு, வாயில் மட்டும் மலாய். தமிழ் காதுக்குப் பழக்கம், நாக்குக்கு இல்லை. மலாயில் அண்ணனைச் சொல்வதுபோல அவரை நாங்கள் 'பாங்' என்போம். அன்றைக்கு நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து அவர் மலாயில் சொன்னார்: "இப்பவே மலைச்சுப் போகாதே. இந்த மனுஷர் தும்மினால்கூட, இந்தத் தும்மலை இன்னாரிடம் கற்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் மூக்கைத் துடைப்பார்."

லண்டன் துரையின் குளியலறை

ஒரு தடவை லண்டனிலிருந்து பெரிய துரை ஒருவர் வந்தார். கொசு உலகத்தில் அவருக்கு மேலே ஆள் கிடையாது என்றார்கள். வெள்ளைத் தாடி, கடல் நீலக் கண். அவர் பேசினதில் எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், கோப்பித் தட்டோடு சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். நல்ல நாதஸ்வரக்காரர் வாசித்தால் ராகத்தின் பெயர் தெரிந்தா கேட்கிறோம்? 'ஐ' என்கிற சொல் மட்டும் அடிக்கடி வந்தது. அந்தப் பெரிய யோசனை உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று யாரோ கேட்டார்கள். ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று உதித்தது என்று கையை மேலே தூக்கிக் காட்டினார். சபை கைதட்டியது. எங்கள் டாக்டரும் தட்டினார்.

அவர் மனைவி துரைசானி என் அடுப்படியில் உட்கார்ந்து பிசாங் கோரெங், நம் வாழைப்பழப் பஜ்ஜிதான், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பினாங்கில் வளர்ந்தவராம், மலாய் தண்ணீராக ஓடியது. கைதட்டல் சத்தம் கேட்டதும், "குளியல் கதை சொல்லிவிட்டாரா?" என்றார். ஆமாம் என்றேன். இன்னொரு பழத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "குளித்தது அவர்தான். கதவுக்கு வெளியே நின்று அந்த யோசனையைக் கத்திச் சொன்னது நான்."

வராத விருந்தாளிகள்

எங்கள் டாக்டரின் வழக்கம் வேறு. எங்கே பேசப் போனாலும் மேடையில் மூன்று நாற்காலி போடச் சொல்வார். அதில் யாரும் உட்கார மாட்டார்கள். அவர் நின்றுகொண்டே பேசுவார். யாரிடமிருந்து எந்த யோசனையை எடுத்தாரோ அவர்களுக்கான நாற்காலி அது. பேச்சு நடுவில் அந்த யோசனை வரும்போது அந்த நாற்காலியின் முதுகில் கை வைத்துப் பெயரைச் சொல்வார். ஏன் இப்படி என்று ராஜேந்திரன் ஒரு நாள் கேட்டதற்கு, "ஆள் இங்க உக்காந்திருந்தா அவர் சொன்னத என்னுதுனு சொல்ல எனக்கு வாய் வருமா? அதுக்குத்தான்," என்றாராம். ராஜேந்திரன் டாக்டரின் உதவியாளர், சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த தம்பி, நல்ல பிள்ளை, எதற்கும் பயம்.

இந்த வழக்கம் தெரியாமல் புக்கிட் பாரு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் மாட்டிக்கொண்டார். நான் துடைத்துப் போட்ட மூன்று நாற்காலிகளைப் பார்த்து, பெரிய மனிதர்கள் மூன்று பேர் வருகிறார்கள் என்று நினைத்து மூன்று மாலை கட்டி வாங்கி வைத்துவிட்டார். டாக்டர் ஆரம்பிக்கலாமா என்கிறார். இவர் வாசலை எட்டிப் பார்த்து, "இன்னும் வரலீங்களே," என்கிறார். பிள்ளைகள் வெயிலில் நெளிகிறார்கள். கடைசியில் விஷயம் தெரிந்ததும் மனுஷர் சளைக்கவில்லை, மூன்று மாலையையும் காலி நாற்காலிகளுக்கே போட்டார்.

டாக்டர் பேசினார். முதல் நாற்காலி பானர்ஜி. இரண்டாவது அவர் தங்கை மனோன்மணி, "கொசு தானாப் பறந்து போகுதா, காத்து தூக்கிட்டுப் போகுதா அண்ணே?" என்று அவள் பாவாடை கட்டின வயதில் கேட்ட கேள்விதான் அவருடைய பாதி ஆராய்ச்சி என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதில் ஒரு சின்னப் பெண் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். மூன்றாவது சிங்கப்பூரில் பெரேரா என்கிறவர். டாக்டரின் முதல் கட்டுரையைத் தப்பென்று பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டவர். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. தலைமையாசிரியர் பொறுக்காமல், "சண்டைக்காரருக்குமா மாலை போட்டோம்?" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவர் திட்டலன்னா நான் இன்னிக்கும் தப்பான கொசுவையே தொரத்திக்கிட்டு இருப்பேன் சார். அவருக்குத்தான் பெரிய மாலை போட்டிருக்கணும்."

உப்பு பார்த்தல்

கடலோரக் கம்பங்களுக்கு, அதாவது மலாய்க் கிராமங்களுக்கு, போகும்போது ஜீப்பில் இடமிருந்தால் நானும் போவேன், புழு பிடித்த கண்ணாடிக் குழாய்களைப் பத்திரமாகக் கொண்டுவர. அங்கே அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். டாக்டர் ஒவ்வொரு குட்டையிலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். எனக்குக் குமட்டும். குழம்புக்கு உப்பு பார்க்கிற மாதிரி கொசுக் குட்டைக்கு உப்பு பார்க்கிற மனுஷரை யார் கண்டது? "இது சரியா இருக்கு, புழு இருக்கும்," என்பார், இருக்கும். "இது கரிக்குது, இருக்காது," என்பார்; இருக்காது. அரை உப்புத் தண்ணீரில்தான் அந்தக் கொசு முட்டையிடுமாம். மதகைத் திறந்து கடலை உள்ளே விட்டால் கரிப்பு ஏறிப் புழு செத்துவிடும். மருந்து தெளிக்க வேண்டாம். கடலையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு மெய் சிலிர்த்தது. அந்தக் கம்பங்களில் குளிர்காய்ச்சல் இல்லாத வீடே கிடையாது. வீட்டுக்கு ஒரு குழந்தையாவது தொட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடக்கும்.

வழக்கம்போல யாருடைய பெயராவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே கேட்டேன். "உப்பு பாக்க யாருங்கய்யா சொல்லிக் கொடுத்தது?" டாக்டர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். கைக்குட்டையால் நெடுநேரம் விரலைத் துடைத்தார். அவர் பதில் தேடி நான் பார்த்தது அன்றுதான். கடைசியில் சொன்னார்: "அந்தப் பேர இந்த ஊர்ல சொல்ற தைரியம் எனக்கு இன்னும் வரல செல்லம்மா."

மூன்று போதும் அக்கா

மெர்டேக்கா வந்தது. எங்கள் ஆப்பீஸுக்குத் தலைவராக இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் பெட்டி கட்டிவிட்டார். கொசு ஆப்பீஸை டாக்டர் கையில் கொடுப்பதா, இழுத்து மூடிவிட்டு எல்லாவற்றையும் கோலாலம்பூருக்குக் கொண்டுபோவதா என்று முடிவு செய்ய ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி ஒன்று உட்கார்ந்தது. அவர்கள் முன்னே நகர மண்டபத்தில் டாக்டர் பேச வேண்டும். மதகுத் திட்டத்தைச் சொல்லி, ஆப்பீஸைக் கேட்டு வாங்க வேண்டும். மூடினால் டாக்டருக்குக் கோலாலம்பூரில் ஒரு மேசையாவது கிடைக்கும். கடலோரத்துக் குட்டைகளுக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள்.

கூட்டத்தன்று காலையில் டாக்டர் சொன்னார்: "இன்னிக்கு நாலு நாற்காலி செல்லம்மா." சற்று நேரத்தில் ராஜேந்திரன் தம்பி வேர்க்க வேர்க்கத் தொட்டிப் பக்கம் வந்தது. "அக்கா, மூணு போதும்க்கா. நாலாவது போட்டீங்கன்னா எல்லாம் போச்சு. அது ஜப்பான்காரனுக்கு." எனக்குக் கையிலிருந்த குழாய் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. ஒகுமுரா என்று பெயராம். யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் ராணுவத்தோடு வந்த கொசு ஆராய்ச்சிக்காரன். டாக்டரைத் தன்னிடம் வேலைக்கு வைத்திருந்தவன். கமிட்டித் தலைவர் ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, ரப்பர் வியாபாரி. அவருடைய தம்பியை லாரியில் ஏற்றிக்கொண்டுபோன ஜப்பான்காரர்கள் திருப்பி அனுப்பவே இல்லை. அது ஊருக்கே தெரியும். என் அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமில் ரயில் பாதை போட அதே ஜப்பான்காரர்கள் இழுத்துக்கொண்டுபோனது தம்பிக்குத் தெரியாது. போனவர் போனவர்தான்.

ஈரக் கையோடு டாக்டர் அறைக்குப் போனேன். "எங்கப்பாவைக் கொண்டுபோன கூட்டத்து ஆளாங்கய்யா அவரு?" என்றேன். டாக்டருக்கு என் அப்பா விஷயம் புதிது. எழுந்து நின்றுவிட்டார். சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "ஆமா. அதே கூட்டம். அதே உடுப்பு," என்றார். "நல்லவரா?" என்றேன். "தெரியல. ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால என் கன்னத்துல அறைஞ்சாரு. மறுநாள் குட்டையில எறங்கி உப்பு பாக்கச் சொல்லிக் கொடுத்தாரு. ரெண்டும் அவர்கிட்ட இருந்து வந்ததுதான். நான் அறைஞ்சத மட்டும் சொல்லி, உப்ப என்னுதுன்னு வச்சுக்க முடியாது பாரு." வெளியே என் மகள் பொன்னி ஏணையில் கிடந்து தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் சொன்னார்: "மூணு நாற்காலி நீ போடு. நாலாவத உன்னையத் தூக்கச் சொல்ற உரிமை எனக்குக் கெடையாது."

சுவரைப் பார்த்த நாற்காலி

மண்டபம் நிரம்பி வழிந்தது. தோட்டத்து ஆட்கள், செட்டிக் கம்பத்துக்காரர்கள், மலாய் கம்பத் தலைவர்கள், கடைத்தெருச் சீனர்கள், நம் முஸ்லிம் வியாபாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். மேடையில் நான் போட்ட மூன்று நாற்காலி. தவுக்கேயும் கமிட்டியும் முன் வரிசையில். டாக்டர் பின்வாசல் வழியாக வந்தார், கோட்டும் கழுத்துப்பட்டையுமாக, தோளில் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. இத்தனை பேருக்கு நடுவே நடந்து மேடையேறி, அதை விரித்து நாலாவதாக வைத்தார். கல்யாண வீட்டுச் சமையல்காரர் அண்டாவைத் தூக்கி வருகிறாற்போல எந்தக் கூச்சமும் இல்லை. ராஜேந்திரன் தம்பி முகத்தை மூடிக்கொண்டது.

இங்கிலீஷ், மலாய், தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசினார். பானர்ஜி வந்தார், தங்கை வந்தாள், பெரேரா வந்தார். பிறகு அரை உப்புத் தண்ணீரும் மதகும் வந்தன. டாக்டர் நாலாவது நாற்காலியில் கை வைத்தார். "இத எனக்குக் கத்துக் கொடுத்தவர் ஒகுமுரா. ஜப்பான் ராணுவத்து ஆள்," என்று மூன்று பாஷையிலும் சொன்னார். அறை வாங்கியதையும் சொன்னார், உப்பு பார்த்ததையும் சொன்னார். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு தோட்டத்துக் குரல்: "எடுய்யா அந்த நாற்காலிய!" பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "எடுத்துர்றேன் அண்ணே. அதோட இந்தத் திட்டத்தையும் எடுத்துக்கிட்டு எறங்கிடணும். பாதி அவரோடது. மறைச்சு வச்சு உங்க ஊருக்கு மருத்துவம் பாக்க எனக்குத் தெரியாது." யாரும் உட்காரவில்லை. அப்போது தவுக்கே எழுந்தார். குட்டையான ஆள், நரைத்த கிராப்பு. மெதுவாக மேடையேறினார். நாற்காலியை எட்டி உதைக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன், எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதன் முதுகைப் பிடித்துத் தூக்கி, அப்படியே திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார். திரும்பி வந்து தம் இடத்தில் உட்கார்ந்து, கைகளை மடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்து மலாயில் சொன்னார்: "அவனும் கேட்கட்டும். முகத்தை மட்டும் நான் பார்க்க வேண்டாம். நீங்கள் பேசுங்கள்."

எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். இரண்டு மூன்று பேர் வெளியே போனார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை, யாரும் குறையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு டாக்டர் பேசினதுபோல நான் எந்த மனிதரும் பேசக் கேட்டதில்லை. கடல் உள்ளே வருவதையும், குட்டைகள் கரிப்பதையும், காய்ச்சல் இல்லாத ஒரு மழைக்காலத்தையும் கண்ணுக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தினார். கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை அடுக்க மேடைக்குப் போனேன். அந்த நாலாவதைத் தொட என் கை கூசும் என்று நினைத்திருந்தேன். 'பாங்' ஓடி வந்து, நான் எடுக்கிறேன் என்றார். வேண்டாம் என்று நானே மடக்கித் தூக்கிக்கொண்டேன். வெறும் பலகை, கோழிக் கூடை அளவுகூடக் கனமில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது, ஆனால் டாக்டர் சொன்னது சரிதான் என்ற எண்ணமும் கூடவே வந்தது. மூன்றையும் எப்படி ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினேன். 'பாங்' அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்போல விளக்கணைக்கப் போனார். போகும்போது சொன்னார்: "என் வாழ்நாளில் நான் பார்த்த துணிச்சல்காரர்கள் இரண்டு பேர். இரண்டு பேரையும் இன்றைக்கு ஒரே மேடையில் பார்த்துவிட்டேன்."

தவுக்கே சொன்ன காரணம்

அடுத்த வாரம் தவுக்கே தாமே ஆப்பீஸுக்கு வந்தார். ராஜேந்திரன் தம்பி ஏற்கெனவே புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் கடலோரம் போயிருந்தார், அவர் இல்லாத நேரம். நான் கோப்பி கொண்டுபோய் வைத்தேன். தவுக்கே ஒரு மடக்கு குடித்துவிட்டு, பெட்டிகளைக் கையால் காட்டி, "பிரித்து வையுங்கள். ஆப்பீஸ் இங்கேதான். டாக்டர் கையில்தான்," என்றார்.

தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. "அன்னிக்கு நடந்ததுக்குப் பிறகுமா தவுக்கே?" என்று மலாயில் தடுமாறியது. தவுக்கே கோப்பையைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. வியாபாரி வியாபாரம் பேசுகிற குரலில் சொன்னார்: "மறைத்தால் லாபம், சொன்னால் நஷ்டம் என்று தெரிந்தும் ஜப்பான்காரன் பெயரைச் சொன்ன ஆள், நாளைக்கு மதகு திறந்தும் காய்ச்சல் குறையவில்லை என்றால் அதையும் என்னிடம் சொல்வான். கமிட்டிக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்."

பெரிய அறிவாளிகளிடம் வேலை பார்ப்பதில் உள்ள ஒரே தொல்லை என்னவென்றால், தோழிகளே, தமக்கு நஷ்டம் வந்தாலும் இன்னொருவர் பெயரைச் சொல்கிற மனிதரை ஒரு தடவை பார்த்துவிட்டால், எல்லாம் நானே என்கிறவர்களுக்கு அதற்குப் பிறகு கோப்பியில் சீனி போடக்கூட நமக்குக் கை வருவதில்லை.